அவையில் நின்று அறிவியல் பேச: சிதம்பரம் சொல்லும் வரலாறு

கடலூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்துப் பேச வேண்டிய மாணவி வரிசையில் காத்து நிற்கிறாள். கடலோரத்தில் உள்ள தன் ஊரின் கிணறுகளில் நீர் ஏன் உப்பாகி வருகிறது என்பது அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு. மூன்று மாத காலம் கிணறு கிணறாகச் சென்று நீர் எடுத்துச் சோதித்திருக்கிறாள். அட்டவணை போட்டிருக்கிறாள், படமும் வரைந்திருக்கிறாள். பெயர் அழைக்கப்படுகிறது. மேடை ஏறியதும் நாக்கு வறண்டுபோகிறது. எட்டு நிமிடம் சொல்ல வேண்டியதை இரண்டே நிமிடத்தில் ஒப்புவித்து முடித்துவிடுகிறாள். நடுவர் ஒரு கேள்வி கேட்கிறார். விடை அவளுக்குத் தெரியும், ஆனால் வாயில் வரவில்லை. இறங்கி வந்து தோழியிடம் அதே விடையை மடமடவென்று சொல்கிறாள்!

இது அறிவின் குறையா? இல்லை. அறிந்திருப்பது ஒரு திறன். அறிந்ததைப் பலர் முன் எழுந்து நின்று சொல்வது வேறொரு திறன். இவ்வேறுபாட்டைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். திருக்குறளில் கல்விக்குத் தனி அதிகாரம் இருக்க, சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று பேச்சுக்காக மூன்று அதிகாரங்கள் வேறாக அமைந்திருப்பதே இதற்குச் சான்று.

அப்படியானால் இரண்டாவது திறனை எங்கே கற்பது? யாரிடம் கற்பது? பேச்சு வன்மை பிறவியிலேயே வருவது என்று பலர் எண்ணுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் அவை நடுவே பேசும் கலை எவ்வாறு வளர்ந்தது என்று பார்த்தால், அது படிப்படியாகப் பழகிப் பெறுவது என்பது விளங்கும். அந்த வரலாற்றின் சில முக்கியமான ஏடுகள் சிதம்பரத்திலும் கடலூரிலும் எழுதப்பட்டவை என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

கொல்லர் மகன் கற்ற கலை

முதலில் இலண்டன் மாநகருக்குச் சென்று வருவோம். மின்சார இயலின் தந்தையர்களுள் ஒருவரான மைக்கேல் ஃபாரடே 1791-ஆம் ஆண்டில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகினார். 1812-ஆம் ஆண்டில் ராயல் நிறுவனத்தில் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தாமே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே அந்நிறுவனத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது.

அங்கே அவர் வேதியியலை மட்டும் கற்கவில்லை. சொற்பொழிவாளர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் கூர்ந்து நோக்கினார். பேசுபவர் எங்கே நிற்கிறார், எப்போது அவையைப் பார்க்கிறார், எந்த இடத்தில் கேட்போருக்கு அலுப்புத் தட்டுகிறது, மண்டபத்தில் காற்றோட்டம் உண்டா என்பன போன்றவற்றையெல்லாம் 1813-ஆம் ஆண்டில் தம் நண்பருக்கு எழுதிய கடிதங்களில் ஆராய்ந்திருக்கிறார். ஒரு சொற்பொழிவுக்கு ஒரு மணி நேரம் போதும் என்பது அவர் கண்ட முடிவு.

1816-இல் தம்மைப் போன்ற இளைஞர்கள் கூடிய ஒரு சிறு கழகத்தில்தான் அவர் முதன்முதலில் பேசத் தொடங்கினார். பெரிய மேடை பின்னால் வந்தது. பெஞ்சமின் ஸ்மார்ட் என்ற பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடமும் கேட்டார். பின்னர் அதே ஆசிரியரைத் தம் சொற்பொழிவுக்கு வரவழைத்துக் குறை சொல்லும்படி வேண்டிக்கொண்டார். ஃபாரடேக்கு வேகமாகப் பேசிவிடும் பழக்கம் இருந்தது. ஆகவே 'மெதுவாக' என்று எழுதிய ஓர் அட்டையைத் தம் முன் வைத்துக்கொள்வார். அதையும் மறந்து வேகம் பிடித்தால், உதவியாளர் ஆண்டர்சன் அந்த அட்டையை எடுத்து அவர் கண்ணில் படும்படி வைப்பார்!

இப்படிப் பழகியவர்தான் பிற்காலத்தில் ராயல் நிறுவனத்தின் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளை உலகப் புகழ் பெறச் செய்தார். சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவு வரிசைகளில் பத்தொன்பதை அவரே நிகழ்த்தினார். ஒரு சாதாரண மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எரிதல், காற்று, நீர், மூச்சு என்று வேதியியல் முழுவதையும் சிறுவர்களுக்கு விளக்கிய பேச்சு 1861-இல் நூலாக வந்து இன்றும் படிக்கப்படுகிறது.

இரண்டு வெள்ளிக்கிழமைகள்

இலண்டனில் ஃபாரடே வெள்ளிக்கிழமைகளில் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், தமிழ் வழங்கும் நிலத்திலும் ஒரு வெள்ளிக்கிழமைப் பேச்சு தொடங்கியது. 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகர் என்ற இளைஞர் எழுந்து பேசினார். அதுமுதல் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே பேச்சு நடந்தது.

கோயிலில் புராணம் சொல்வது நம் நாட்டில் பழைய வழக்கந்தான். அதில் ஒருவர் பாடலைப் படிப்பார், மற்றொருவர் பொருள் சொல்வார். பாடல் எந்த வரிசையில் செல்கிறதோ அந்த வரிசையில் பேச்சும் செல்லும். ஆறுமுகர் செய்தது வேறு. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதற்குத் தலைப்பிட்டு, காரணங்களை அடுக்கி, எளிய உரைநடையில் கேட்போரை நோக்கி நேராகப் பேசினார். மெதடிஸ்டு பள்ளியில் படித்து, பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைபுரிந்தவர் அவர். ஆதலால் பாதிரிமார்களின் பிரசங்க முறையை அருகிலிருந்து அறிந்திருந்தார். அம்முறையைத் தம் நோக்கத்துக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டார். தமிழ் மேடைப் பேச்சின் தொடக்கத்தை ஆராய்ந்த அறிஞர்கள் இப்பேச்சுகளை அதன் ஊற்றுகளுள் ஒன்றாகக் கருதுகின்றனர். 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' என்ற பட்டம் அளித்தது. 1864-இல் அவர் சிதம்பரத்தில் ஒரு பள்ளியை நிறுவினார்.

சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகளார் வாழ்விலும் ஒரு பேச்சு நிகழ்ச்சி உண்டு. அவருடைய தமையனார் புராணச் சொற்பொழிவாளர். ஒருநாள் தமையனாருக்கு உடல் நலமில்லாமல் போகவே, சிறுவர் இராமலிங்கர் அவருக்குப் பதிலாகச் சென்று பேசி அவையை வியப்பில் ஆழ்த்தினார் என்று அவர் வரலாற்றைக் கூறுவோர் சொல்வர். பின்னாளில் இவ்விருவர் தரப்புக்கும் இடையே மூண்ட பூசல், சிதம்பரத்தில் பேசப்பட்ட பேச்சை முன்னிட்டு 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அதன் நியாயம் நமக்கு இங்கே வேண்டியதில்லை. மேடையில் சொன்ன சொல்லுக்குப் பேசியவர் பொறுப்பாவார் என்ற புதிய நிலை அப்போதே வந்துவிட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

ஆக, தமிழில் மேடை அமைந்துவிட்டது. அதில் சமயம் ஏறியது, பின்னர் அரசியலும் ஏறியது. அறிவியல் எப்போது ஏறியது?

விஞ்ஞானம் படித்த தமிழ்ப் பேராசிரியர்

1929-ஆம் ஆண்டில் சிதம்பரத்தை அடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1931-இல் அதன் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் சுவாமி விபுலானந்தர். இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் 1892-இல் பிறந்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். அதோடு, கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியவர். அத்தகைய ஒருவர் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தது தமிழுக்குக் கிடைத்த நற்பேறு எனலாம்.

அவர் எடுத்துக்கொண்ட பெரும் ஆராய்ச்சி பழந்தமிழரின் யாழ். சிலப்பதிகார அரங்கேற்றுகாதையில் வரும் சில அடிகளின் பொருளைத் தேடப் புகுந்தவர், இசையின் கணிதத்துக்கே சென்றுவிட்டார். நரம்பின் நீளத்துக்கும் ஒலிக்கும் என்ன தொடர்பு? எளிய கணக்குத்தான். இழுவிசையும் தடிப்பும் மாறாத ஒரு நரம்பு 90 சென்டிமீட்டர் நீளம் உள்ளது என்று கொள்வோம். அதைச் சரிபாதியாக, 45 சென்டிமீட்டரில் அழுத்தி மீட்டினால் அதிர்வு இருமடங்காகும். அதே சுரம் மேல் நிலையில் கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக, 60 சென்டிமீட்டரில் அழுத்தி மீட்டினால் அதிர்வு ஒன்றரை மடங்காகும். அதுவே 'ச'வுக்கு 'ப', பழந்தமிழில் குரலுக்கு இளி. இப்படிப்பட்ட அளவு விகிதங்களைக் கொண்டு, மறைந்துபோன யாழ்களின் நரம்புகளையும் பண்களையும் மீட்டெடுக்க முயன்றார் விபுலானந்தர்.

இதனை அவர் முதலில் மேடைகளில் பேசினார். பேசப் பேச ஐயங்கள் எழுந்தன. ஐயங்கள் எழ எழ ஆராய்ச்சி வளர்ந்தது. ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1947 ஜூன் மாதத்தில், திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அவர் வகுத்த அளவுகளின்படி செய்த யாழ்களும் அங்கே அவையோர் முன் வைக்கப்பட்டன. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். இலண்டனில் ஃபாரடேக்கு மெழுகுவத்தி எப்படியோ, அப்படி விபுலானந்தருக்கு யாழ் அமைந்தது. கேட்போர் முன்பே அறிந்த ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர்கள் அறியாத ஓர் உண்மைக்கு அழைத்துச் செல்வதே இருவரும் கையாண்ட முறை.

சொல் இருந்தால்தானே பேச்சு?

ஆயினும் தமிழில் அறிவியல் பேச வந்தவர்களுக்கு ஃபாரடேக்கு இல்லாத ஒரு தடை இருந்தது. ஆக்சிஜனை என்னவென்று சொல்வது? வெலாசிட்டிக்கும் ஸ்பீடுக்கும் தமிழில் எப்படி வேறுபாடு காட்டுவது? பேசுபவர் ஒரு சொல்லைப் பயன்படுத்த, கேட்பவர் வேறொரு சொல்லைப் படித்திருந்தால் பேச்சு நடுவழியில் நின்றுவிடும்.

1916-இலேயே சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல் ஆக்கத்துக்கென ஒரு சங்கம் அமைத்து இதழும் நடத்தினர். பின்னாளில் இராஜாஜி வேதியியலைப் பற்றித் தாம் எழுதிய சிறு நூலுக்குத் 'திண்ணை ரசாயனம்' என்று பெயர் வைத்தார். திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் அறிவியல் சொல்ல முடியும் என்ற நம்பிக்கை அந்தப் பெயரிலேயே ஒலிக்கிறதன்றோ! 1936-இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நாம் மேலே கண்ட விபுலானந்த அடிகளே. அம்முயற்சியின் பயனாக 1938-இல் கலைச்சொல் தொகுப்பு ஒன்று வெளிவந்தது.

இதே காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் (1935–1940). ஆங்கிலப் பேச்சில் 'வெள்ளி நாக்கினர்' என்று உலகமே பாராட்டியவர். இவரும் பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, வகுப்பறையிலேயே நாவைப் பழக்கியவர்தாம். 1940-இல் சென்னை அரசாங்கம் கலைச்சொற்களுக்காக ஒரு குழு அமைத்தபோது அதன் தலைமையை இவரிடம் ஒப்படைத்தது. வடசொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் மிகுதியாக ஏற்கும் போக்கு அக்குழுவில் இருந்ததாகத் தமிழறிஞர்கள் கருதினர். கடும் எதிர்ப்பு எழுந்தது.

இது வெறும் மொழிச் சண்டை என்று ஒதுக்கிவிடக் கூடாது. யார் கேட்பதற்காக அறிவியல் பேசப்படுகிறது என்பதே அதன் உட்கேள்வி. ஆங்கிலம் படித்த சிலர் கேட்டால் போதும் என்றால் எந்தச் சொல்லும் பொருந்தும். உழவரும் நெசவாளரும் அவர்தம் பிள்ளைகளும் கேட்க வேண்டும் என்றால், சொல் அவர்களுக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். இன்று நாம் உயிரியல், மின்னோட்டம், அடர்த்தி என்று தயங்காமல் சொல்கிறோம். அத்தயக்கமின்மைக்குப் பின்னால் அந்நாளைய வாதங்கள் இருக்கின்றன.

காற்றில் வந்த பேச்சு, தெருவில் வந்த பேச்சு

1938 ஜூனில் சென்னையிலும், 1939 மே மாதத்தில் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கின. அறிவியல் பேச்சாளருக்குப் புதிய பள்ளிக்கூடம் கிடைத்தது. வானொலியில் கைவீச்சு உதவாது, கரும்பலகை இல்லை, கைதட்டலும் இல்லை. கடிகாரமோ இரக்கமற்றது! சொல்லாலேயே படம் வரைய வேண்டும். 1917 முதல் தமிழில் அறிவியல் எழுதிவந்த வழக்கறிஞர் பெ. நா. அப்புசாமி போன்றோர் இம்மேடையையும் பயன்படுத்தினர்.

1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தோன்றியது. 1987 அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டின் ஐந்து மூலைகளிலிருந்து மக்கள் அறிவியல் ஊர்வலங்கள் புறப்பட்டு, நச்சுவாயு விபத்தில் பல்லாயிரவரை இழந்த போபால் நகரில் நவம்பர் 7-ஆம் நாள் கூடின. வழிநெடுகப் பாட்டும் வீதி நாடகமும் பேச்சுமாக அறிவியல் சென்றது. கல்லூரி ஆசிரியர்கள் தெருமுனையில் நின்று பேசக் கற்றனர். தெருமுனையில் கூட்டத்தைக் கட்டிப்போடும் வகுப்புமணி கிடையாது. பேச்சு பிடிக்கவில்லையென்றால் கேட்பவர் எழுந்து போய்விடுவார். பேச்சாளருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வேறு உண்டா?

1993 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இவ்வழியின் தொடர்ச்சியே. 10 முதல் 17 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் தம் ஊரின் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து, மாவட்டம், மாநிலம், நாடு என்று படி ஏறிப் பேசலாம். தாய்மொழியிலேயே பேசலாம் என்பது அதன் சிறப்பு.

ஒலிபெருக்கி காத்த ஊர்

அறிவியலைப் பேசத் தெரிந்திருப்பது உயிரைக் காக்கும் செயல் என்பதை இக்கரையோரம் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கண்டது.

அன்று காலை நம் நேரப்படி சுமார் ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆழிப்பேரலை ஆழ்கடலில் மிக விரைந்து செல்லும். அதன் வேகம் நீரின் ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது நொடிக்கு ஏறக்குறைய 200 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். அப்படியும் நம் கரையை அடைய அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இரண்டு மணி நேரம்! ஆனால் அப்போது இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை. செய்தியை எடுத்துச் சொல்ல ஆளில்லை. கடலூர் மாவட்டக் கரையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவர் ஊரில் மட்டும் வேறு விதமாக நடந்தது. அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார், மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் கதவைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் கரையை விட்டு ஓடி உயிர் தப்பினர். வீடுகளும் படகுகளும் போயின, ஆனால் உயிர்கள் தப்பின.

சில சொற்கள் அத்தனை பேரை எப்படி நம்ப வைத்தன? புதுச்சேரிப் பகுதியில் இத்தகைய தகவல் மையங்கள் 1998 முதலே தொடங்கப்பட்டிருந்தன. வீராம்பட்டினத்தில் கடலலை எவ்வளவு உயரம் எழும் என்ற முன்னறிவிப்பைக் கணினியில் பெற்று, அதை மீனவர் தமிழில் ஒலிபெருக்கி வழியே அன்றாடம் சொல்லிவந்தனர். நாள்தோறும் உண்மை பேசிவந்த குரலைத்தான் மக்கள் ஆபத்து வேளையில் நம்புவர். பேச்சின் ஆற்றல் ஒரு நாளில் பிறப்பதில்லை என்பதற்கு இதைவிட வலிய சான்று வேண்டுமா?

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய மற்றொன்றும் உண்டு. பேரலைக்குப் பின், பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகள் கரையூர்களைக் காத்தன என்ற செய்தி பரவியது. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2005-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. மரங்கள் அடர்ந்த இடங்களில் சேதம் குறைவு என்று அது காட்டியது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வாளர்களும் அதுபோன்ற முடிவையே கூறினர். வேறு அறிஞர்களோ, அவ்வூர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததும் காரணமாகலாம் என்று மறுத்து எழுதினர். இப்போது மேடையில் நிற்கும் பேச்சாளர் என்ன சொல்வார்? "மரம் நட்டால் போதும், பேரலை நின்றுவிடும்" என்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அதை நம்பிக் கரையிலேயே வீடு கட்டுபவர் நிலை என்னாகும்? "காடு அலையின் வேகத்தைத் தணிக்கும். ஆனால் எச்சரிக்கை கேட்டால் மேட்டுக்கு ஓடியே ஆகவேண்டும்" என்று இரண்டையும் சொல்பவரே அறிவியல் பேச்சாளர். மற்ற மேடைகளுக்கும் அறிவியல் மேடைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மாநாடு சிதம்பரத்துக்கு வந்தது

இந்திய அறிவியல் மாநாடு முதன்முதலாக 1914 ஜனவரியில் கல்கத்தாவில் கூடியது. அதை முன்னின்று தொடங்கிய இரு வேதியியலாரில் ஒருவரான சைமன்சன் அப்போது சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர். அன்று படிக்கப்பட்ட ஆய்வுரைகள் 35 மட்டுமே. அம்மாநாட்டின் 94-ஆவது கூட்டம் 2007 ஜனவரியில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். 'புவிக்கோள்' என்பது பொருள். தலைவர் நிலநடுக்க ஆய்வாளரான ஹர்ஷ் குப்தா. பேரலை பாய்ந்த கரைக்கு அருகிலேயே புவியைப் பற்றி அறிஞர்கள் பேசினர். அதே ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2012 டிசம்பர் இறுதியில், அதே வளாகத்தில் தமிழ் இணைய மாநாடு கூடியது. இவ்வரிசை 1997-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 'இணையம்' என்ற சொல்லை ஆக்கிய பெருமை எவருக்குத் தரப்படுகிறதோ அந்த நா. கோவிந்தசாமியே அதற்கு வழிகோலியவர். பின்னர் சென்னை, கோலாலம்பூர், கலிபோர்னியா, ஜெர்மனியின் கொலோன் என்று அது உலகைச் சுற்றி வந்தது. இங்கே பேசப்படுபவை கணினியில் தமிழ் எழுத்து, எழுத்துணரி, பேச்சொலி, இயந்திர மொழிபெயர்ப்பு போன்றவை.

தொழில்நுட்ப மாநாட்டில் பேசுவதால் என்ன பயன் என்று கேட்போர்க்கு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாடு விடை சொல்லும். அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு தமிழ் விசைப்பலகை வைத்திருந்தது. ஒருவர் பழகியது மற்றவருக்கு உதவாது. பல நாட்டு வல்லுநர்கள் கூடி, எடுத்துரைத்து, மறுத்துரைத்து, இறுதியில் 'தமிழ் 99' விசைப்பலகைக்கு வந்து சேர்ந்தனர். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம் என்ற அமைப்பு அதில் உள்ளது. தன் கருத்தைத் தெளிவாக எடுத்துச் சொல்ல முடியாதவரின் நல்ல அமைப்பு அத்தகைய அவையில் தோற்றுப்போகக் கூடும். அந்த இழப்பு அவருக்கு மட்டுமன்று, அதன்பின் தட்டெழுதும் எல்லோருக்குமே.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. பழைய தென்னார்க்காட்டின் மற்றொரு பகுதியான விழுப்புரத்தில் பட்டயப் படிப்புப் படித்த வீரமுத்துவேல், 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநராக உலகின் முன் எழுந்து நின்று பேசினார். நம் பகுதி மாணவர்க்கு மேடை எட்டாத உயரத்தில் இல்லை.

வரலாறு தரும் பாடம்

இப்போது முதலில் கண்ட மாணவியிடம் திரும்புவோம். அவளுக்கு வரலாறு என்ன சொல்கிறது?

சிறு அவையில் தொடங்கு என்கிறது. ஃபாரடே பேசத் தொடங்கியது நண்பர் கழகத்தில், நாவலர் தம் ஊர்க் கோயிலில், சாஸ்திரியார் வகுப்பறையில். பள்ளி அறிவியல் மன்றத்தில் பத்துப் பேர் முன் மாதம் ஒருமுறை பேசுபவர், மாவட்ட மாநாட்டில் நூறு பேரைக் கண்டு கலங்கமாட்டார்.

கேட்கவும் கற்றுக்கொள் என்கிறது. நல்ல பேச்சைக் கேட்டால் பொருளை மட்டுமன்றிப் பேசிய முறையையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நண்பரைப் பின்வரிசையில் அமர்த்திக் குறை சொல்லச் சொல்ல வேண்டும். 'மெதுவாக' என்ற அட்டைக்குக் காசு ஒன்றும் செலவில்லை!

கையில் ஒரு பொருள் எடுத்துச் செல் என்கிறது. கிணற்று நீரைப் பற்றிப் பேசுபவள் இரண்டு குப்பிகளில் நீர் கொண்டு வரட்டும். ஒன்று கடலருகே எடுத்தது, மற்றொன்று உள்ளூரில் எடுத்தது. இரண்டையும் வெப்பப்படுத்தி வற்றச் செய்தால் அடியில் தங்கும் உப்பே பாதிப் பேச்சைப் பேசிவிடும்.

சொல்லைத் தேர்ந்துகொள் என்கிறது. கலைச்சொல்லை முதன்முறை சொல்லும்போது ஒரு வரியில் விளக்கிவிட்டால், பிறகு தடையின்றி ஓடலாம். தெரியாத கேள்வி வந்தால் "இதை நான் சோதித்துப் பார்க்கவில்லை" என்று சொல்வது இழுக்காகாது. அறிவியல் அவையில் அது மதிப்பைக் கூட்டும்.

இவை அனைத்துக்கும் மேலாக, யாருக்காகப் பேசுகிறோம் என்பதை மறக்கலாகாது. அவள் ஊரின் கிணறுகள் உப்பாகின்றன. அவள் மாவட்ட மாநாட்டில் பரிசு பெறலாம், பெறாமலும் போகலாம். ஊருக்குத் திரும்பி, கிணற்றடியில் நீர் இறைக்க வருபவர்களுக்கு அதே செய்தியைச் சொன்னாளா? மேல்நிலத்து நன்னீரை அளவின்றி இறைத்தால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே புகும் என்பது அவர்களுக்கு விளங்கிற்றா? விளங்கியிருந்தால், பெரியதோர் அவையில் அவள் வென்றுவிட்டாள் என்றே சொல்வோம்.